அண்ணன் கொடுத்த பாயிண்டுகள்

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கணினியில் இரண்டு வரி அடிப்பேன். எழுந்து போய் அடுப்பில் ஒன்றும் இல்லாத பாத்திரத்தைத் திறந்து பார்ப்பேன். பால்கனிக்குப் போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பேன். திரும்பி வந்து அதே இரண்டு வரியை அழிப்பேன். திருவொற்றியூரில் எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நின்று நின்று நகரும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். மற்ற நாட்களில் அது என் காதில் விழுவதே இல்லை. அந்த வாரம் ஒவ்வொரு லாரியும் என் மண்டைக்குள்தான் ஓடியது.

பகலில் எனக்குக் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே. அது முடிந்தபின் சொந்தமாக ஒரு வேலை இருந்தது. என்கூடப் படித்த தோழி ஒருத்தியும் நானும் படகுக்காரர்களுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். கடலில் போக நினைக்கிற இடத்தைத் தொட்டால், போய்வர எவ்வளவு டீசல் ஆகும், காற்று எப்படி இருக்கும், எப்போது திரும்பினால் கரையில் நடக்கும் மீன் ஏலத்துக்கு வந்து சேரலாம் என்று அது சொல்லும். தோழி எம்.கே.பி. நகர்க்காரி. கடலில் கால் நனைத்ததோடு சரி. நான் காசிமேட்டில் பிறந்தவள். நானும் கால் நனைத்ததோடு சரிதான், ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் பிழைப்பே கடலில்தான். அதனால் கடல் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள்.

நாங்கள் எழுதிய நிரல் எல்லாம் ஒரு ரெப்போவில் சேர்ந்து கிடந்தது. இரண்டு வீட்டுக்குப் பொதுவான ஒரு அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அதன் சாவி எங்கள் இருவரிடம் மட்டும்தான் இருந்தது. அதை எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று சொன்னது அவள்தான். நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் படிக்கிற பிள்ளைகள் எடுத்துத் தங்கள் ஊருக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளட்டும், நாம் இரண்டு பேர் எத்தனை ஊருக்குச் செய்ய முடியும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை திறப்பதாக முடிவாகிவிட்டது.

திறப்பதற்கு முன்னால் எதெல்லாம் உள்ளே இருக்கலாம், எதெல்லாம் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. விலக்க வேண்டியவற்றின் பெயரை அதில் வரிக்கு ஒன்றாக எழுதிவிட்டால், அவை நம் கணினியிலேயே தங்கிவிடும், ரெப்போவுக்குள் போகாது. கம்பெனியில் இதை நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். கடவுச்சொல் இருக்கும் கோப்பு, வெளியே. கணினி தானாகப் போட்டுவைக்கும் குப்பை, வெளியே. எங்கள் ஃபோல்டரில் எப்படியோ வந்து விழுந்திருந்த கேஸ் புக்கிங் ரசீதும் என் மாமியாரின் கண் பரிசோதனைச் சீட்டும் வெளியே. இதுவரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

மாட்டிக்கொண்டது ஒரே ஒரு கோப்பில். என் அண்ணனுடைய பாயிண்டுகள்.

அண்ணனுக்கு ஒரு ஃபைபர் படகு. தூண்டில்காரன். கடலுக்கடியில் பாறை கிடக்கிற இடங்களில்தான் சங்கரா, களவா மாதிரி மீன்கள் ஒதுங்கும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். எங்கே பாறை இருக்கிறது என்பதை அவரவர் ஜிபிஎஸ் பெட்டியில் குறித்து வைத்திருப்பார்கள். எண்களாக இருக்கும் அந்தக் குறிகளைத்தான் பாயிண்டு என்பது. படகு பழசாகும், எஞ்சின் மாறும், ஆனால் பாயிண்டு இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். காசிமேட்டில் சிலர் கரைக்கு வந்ததும் பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். என் அண்ணனும் அப்படித்தான். அண்ணியின் நகை இருக்கும் பீரோவில்தான் அதுவும் இருக்கும்.

அப்படிப்பட்டவன், ஆப் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நிஜமான இடங்கள் வேண்டும் என்று நான் கேட்டபோது, ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தான். நான் நம்பவே இல்லை. ஏனென்றால் நான் கட்டிக்கொண்டு போனது லாஞ்சுக்காரர் வீட்டுக்கு. என் மாமனாருக்கு ஒரு பெரிய லாஞ்சு இருக்கிறது, என் வீட்டுக்காரர்தான் அதை ஓட்டுகிறார். இழுவலை போடுகிறவர்கள். அவர்கள் பாறைமேல் வலையை இழுக்க மாட்டார்கள், வலை கிழியும். ஆனால் பாறையின் ஓரத்தை ஒட்டி ஒருமுறை இழுத்துவிட்டுப் போனால் அப்புறம் தூண்டில்காரனுக்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. கரையில் மச்சான், மாப்பிள்ளை என்று ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடலில் அது வேறு கணக்கு. இத்தனையும் தெரிந்து அண்ணன் எனக்குக் கொடுத்தான் என்றால் என்மேல் அவனுக்கு எவ்வளவு நம்பிக்கை! அந்தப் பெருமையில் ஒரு மாதம் மிதந்தேன் என்றே சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் திரையைச் சாய்த்துக்கொள்வேன். அவர், "இன்னா, எவனுக்காச்சும் லெட்டரு எழுதறியா?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தக் கோப்பு ஊரார் கண்ணில் படக் கூடாது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. தோழிக்குத்தான் இருந்தது.

"அத்த எடுத்துட்டா ஆப்பு ஓடாதுடி," என்றாள் போனில். "டவுன்லோடு பண்றவன் தொறந்து பாத்தா வெறும் தண்ணிதான் தெரியும். இன்னா ஏதுன்னு புரியாம மூடிட்டுப் பூடுவான்."

"பொய்யா நாலு எடம் போட்டுக்கலாம்."

"பொய்யா போட்டா டீசல் கணக்கு எப்டி ஒத்துவரும்? நீதான உங்கண்ணன் படகுக்கு அத்தினி நாளு உக்காந்து கணக்கு சரிபண்ண?"

அது உண்மை. அண்ணன் படகுக்கு மட்டும் கணக்கு ஒத்துவரவே மறுத்தது. ஆப் ஒரு அளவு டீசல் சொல்லும், அவன் உண்மையில் ஊற்றுவது வேறு அளவாக இருக்கும். எஞ்சின் பழசு, நீரோட்டம், படகில் ஏற்றும் ஐஸ் பெட்டியின் எடை என்று நான் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பொறுமை போய், இந்தப் படகுக்கு மட்டும் இவ்வளவு கூட்டிக்கொள் என்று ஒரு வரியைச் செருகி ஒப்பேற்றியிருந்தேன். கம்பெனியில் யாராவது அப்படிச் செய்தால் நான் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவேன்.

"காசிமேட்ல எவன்டி ரெப்போவ தொறந்து பாக்கப் போறான்?" என்றாள் தோழி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காசிமேட்டில் தெருவுக்குப் பத்துப் பேர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், உங்கள் ஊரில் மட்டும்தான் படித்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை என்பது கேட்கும்போதே எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். அவள், "சரி, உன் கடலு, நீயே பாத்துக்கோ," என்று வைத்துவிட்டாள்.

விலக்க வேண்டிய பெயர்களில் அண்ணன் கோப்பையும் எழுதினேன். எழுதியதும் இன்னொரு பயம். கோப்பு வெளியே போகாது, சரி. ஆனால் அந்தச் சின்னக் கோப்பு எல்லோருக்கும் தெரியுமே! அதில் 'அண்ணன் பாயிண்டு' என்று எழுதியிருந்தால், இங்கே ஒரு அண்ணன் இருக்கிறான், அவனிடம் பாயிண்டு இருக்கிறது, அதை இவள் மறைக்கிறாள் என்று நானே பலகை மாட்டிய மாதிரி ஆகிவிடும். பெயரை 'பழசு' என்று மாற்றினேன். அதுவும் சந்தேகமாக இருந்தது. 'குப்பை' என்று மாற்றினேன். அவன் பிழைப்பைக் குப்பை என்று எழுதியது மனசுக்கு ஒப்பவில்லை. மறுபடியும் 'பழசு'. இதற்கு நடுவில் எத்தனை முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன் என்று கணக்கில்லை. தோழிக்காகக் கடலில் எங்கேயோ நாலு இடத்தைப் பொய்யாகக் குறித்து மாதிரிக்கு ஒரு கோப்பும் போட்டுவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டோம். தோழி கோபத்தை மறந்து ஒரு லட்டுப் படம் அனுப்பினாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான்.

மறுநாள் கம்பெனி வேலைக்கு நடுவில், காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கத்தி அப்படியே நின்றுவிட்டது. விலக்கிவைப்பது இனிமேல் வருவதற்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே உள்ளே போனதை ரெப்போ மறப்பதில்லை. நேற்று என்ன இருந்தது, போன மாதம் என்ன இருந்தது என்று யார் வேண்டுமானாலும் பின்னால் போய்ப் பார்க்கலாம். அதற்காகத்தானே அதை வைத்துக்கொள்வதே. அண்ணன் கோப்பு ஒரு மாதமாக உள்ளே இருந்தது. நான் அதை வாசலிலிருந்து எடுத்துக் கொல்லையில் போட்டிருந்தேன், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். பெயரை எப்படி மாற்றுவது என்று அலைபாய்ந்ததில் இது புத்தியில் உறைக்கவில்லை.

ஈரக்கையோடு ஓடிப்போய் முதலில் ரெப்போவை மூடினேன். அப்புறம் பார்த்தால், முகம் தெரியாத யாரோ அதற்குள் முழுசாக ஒரு பிரதி எடுத்திருந்தார். வைத்திருந்த பெயரைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. தூத்துக்குடிப் பிள்ளையாக இருக்கலாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். தோழியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை. "போய்ச் சொல்லிடுடி, உங்கண்ணனுக்கா தெரியறதுக்கு முன்னாடி," என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார், வர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். கம்பெனிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் லாரி. ஆட்டோக்காரர் ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவில் ஆட்டோவை நுழைத்து நுழைத்துப் போனார். மற்ற நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். அன்றைக்கு இன்னும் வேகமாகப் போகக் கூடாதா என்று இருந்தது. அண்ணனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாக்கியம் தயார் செய்தேன், அடுத்த நிறுத்தத்தில் அதைத் தூக்கிப் போட்டேன்.

அண்ணன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுத் தூண்டில் நரம்பின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அண்ணி கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, வேலை நாள்ல வந்துகீற? மாப்ள வந்துட்டாரா?" என்றான்.

தயார் செய்த எதுவும் வாயில் வரவில்லை. "அண்ணா, உன் பாயிண்டு எல்லாம் வெளிய பூட்சு," என்று அழுதுவிட்டேன். என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். யாரோ எடுத்துவிட்டார்கள், இனி அதைத் திரும்ப வாங்க முடியாது, எல்லாம் என் அவசரத்தால் வந்தது என்று சொன்னேன்.

அவன் நரம்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "அதுக்கா இப்டி அழுவுற? போவட்டும் வுடு," என்றான்.

"போவட்டுமா?"

"அதுல கீறது எதும் என் எடம் இல்லம்மா."

எனக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாக, பழகிய விஷயத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். "மச்சான் வந்து கேக்கறான், சித்தப்பா பையன் கேக்கறான். இல்லன்னு சொன்னா மூஞ்ச தூக்கிகினு பூடுவான், கல்யாணம் காட்சிக்கு வர மாட்டான். குடுத்தா நம்ம பொழப்பு பூடும். அதுக்குன்னே ஒரு செட்டு வெச்சிகீறோம். நெச எடத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளித் தள்ளி. கேக்கறவங்களுக்கு அத்த குடுத்துர்றது. எல்லாரும் இப்டித்தான். வாங்கறவனுக்கும் தெரியும், குடுக்கறவனுக்கும் தெரியும். ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான். படகில் ஏறாதவளுக்கு யார் சொல்லுவார்கள்? டீசல் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. டீசலை அவன் உண்மையாகச் சொல்லியிருந்தான், இடத்தைத்தான் பொய்யாகச் சொல்லியிருந்தான். நான் ராப்பகலாக உட்கார்ந்து என் நிரலில் தப்புத் தேடியிருக்கிறேன். அவன் சொன்ன பொய்க்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வரி வேறு எழுதி அதைக் காப்பாற்றியிருக்கிறேன். இதைத் தோழியிடம் எந்த முகத்தோடு சொல்லுவேன்?

பயம் போய்விட்டது. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் பிழைப்பும் போகவில்லை. ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

"எனக்குமா?" என்றேன். "மச்சானும் சித்தப்பா பையனும் நானும் ஒண்ணா உனக்கு?"

"நீ யார் வூட்ல கீற?" என்றான்.

"பாத்துக் கட்டிக் குடுத்ததே நீதான?"

"ஆமா, நான்தான் குடுத்தேன். மாப்ள தங்கமான மனுசன், இல்லன்றலையே. அதான் பேஜாரே. அவரு கெட்டவரா இருந்தா நீ வாயத் தொறக்க மாட்ட. நல்லவரா கீறாரு, அதனால சொல்லிடுவ."

சொல்ல மாட்டேன் என்று கத்தினேன். ஒரு மாதமாகத் திரையைச் சாய்த்துச் சாய்த்து மறைத்ததைச் சொன்னேன். தோழியோடு சண்டை போட்டதைச் சொன்னேன். கோப்புக்கு எத்தனை பெயர் மாற்றினேன் என்பதுவரை சொன்னேன், அது அவனுக்கு என்ன புரிந்ததோ. அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. கருவாட்டுக் கையோடு எழுந்து வந்து அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடப் பொறந்த பொண்ணுய்யா அது. ஊருக்குக் குடுக்கறத அதுக்கும் குடுப்பியா? உங்கப்பா உனக்குக் காட்டுன எடம் அதுக்கும் அப்பா எடந்தான? அந்த ஒண்ணயாவது காட்டக் கூடாதா?"

அண்ணன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நரம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. துணி சுற்றிய பெட்டியோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பேட்டரி ஒயரைச் சொருகி, "வா, கிட்ட வந்து பாரு," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. அப்பா போனபிறகு அவன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. திரை வெளிச்சம் வந்தது. ஏதோ பட்டனை அழுத்திக்கொண்டு வந்தான்.

எனக்கு எண்கள் மறக்காது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். ஒருமுறை பார்த்த போன் நம்பரைப் பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்லுவேன். இந்த எண்ணைப் பார்த்தால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், நானே நினைத்தாலும் அழிக்க முடியாது. என் வீட்டுக்காரர் நாள்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு, டீசல் காசுக்குக்கூட மீன் இல்லாமல் வந்து, தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற நாட்கள் உண்டு. அந்தமாதிரி நாளில் அவர் எதையும் கேட்க மாட்டார். கேட்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. இந்த அண்ணனுக்கு அது தெரிந்திருக்கிறது. நான்தான் வாய்கிழியச் சொல்ல மாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"வோணாண்ணா," என்றேன். "அணைச்சிடு."

"பாரும்மா. அப்பா எடம்."

"வோணாம்னு சொல்றேன்ல."

அவன் கை பட்டனின் மேலேயே இருந்தது. நான் அப்படியே அவனுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அணைத்தாயிற்று என்று அண்ணி சொல்லுகிறவரை திரும்பவே இல்லை.